கிண்ண மகானும் பொட்டலத்தின் பின்பக்கமும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் வாலை நீட்டியிருந்தது. மூடிப்போன ஒரு கட்டில் கடையின் மூன்றாவது மாடியில் கிண்ண மகான் வீற்றிருந்தார். கட்டில் விற்ற காலத்தில் இதில் பாதிப் பேர் வந்திருந்தால் அந்தக் கடை மூடியே இருக்காது. ஆனால் கட்டில் வாங்கினால் தூக்கம் மட்டும்தான் வரும், மகானிடம் போனால் நிம்மதியே வரும் என்றார்கள். வந்ததா என்று யாரும் திரும்பிப் போய் விசாரிக்கவில்லை.

வரிசையில் யார்தான் இல்லை? ஒரு கையெழுத்து கோணலாக இருந்தாலே கடன் மனுவைத் திருப்பி அனுப்பும் வங்கி மேலாளர் நின்றார். எக்ஸ்ரே பார்க்காமல் எந்தப் பல்லையும் தொடமாட்டேன் என்கிற பல் டாக்டரம்மா நின்றாள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த போக்குவரத்துக் காவலர், ஒழுங்குபடுத்தி முடித்ததும் தானும் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

மகானின் முறை ரொம்பச் சுலபம். குடும்பத்தில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் வெதுவெதுப்பான ஸ்ட்ராபெர்ரி ஜெல்லிக் கரைசல். மகான் தன் கையால் ஆளுக்கொரு குப்பி கொடுப்பார். குப்பிக்குள் பச்சையாக ஒரு சாறு, அதற்கு அமைதிச் சாறு என்று பெயர். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, வீட்டை நினைத்துக்கொண்டு மூன்று தரம் கலக்க வேண்டும். கிண்ணங்கள் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜுக்குள் போகும். மூன்று மணி நேரம் கழித்து யாருடைய கிண்ணம் உறையாமல் தண்ணீராக நிற்கிறதோ, அவர்தான் குடும்பத்தைக் கரைக்கிறவர். கரைப்பான் என்பார் மகான். ஆணானாலும் பெண்ணானாலும் அதே சொல்தான். அந்த விஷயத்தில் மகான் முற்போக்கு.

கூடவே தனக்கென்று ஒரு கிண்ணமும் வைப்பார். அது ஒவ்வொரு முறையும் கல் மாதிரி உறைந்துவிடும். ஜனம் கை தட்டும்.

கரைப்பானுக்கும் வழி இருந்தது. கூடத்துக்குப் பின்னால் தெளிவு இல்லம் என்று ஒன்று. அங்கே மூன்று மாதம் இருக்க வேண்டும். ஃபோன் கிடையாது, வெளியே போகக் கூடாது. காலையிலிருந்து மாலைவரை ஸ்ட்ராபெர்ரிக்குக் காம்பு கிள்ளுவது, கிவிக்குத் தோல் சீவுவது, அண்டாவில் ஜாம் கிண்டுவது. இதெல்லாம் தியானமாம். அப்படித் தியானித்துக் கிண்டிய ஜாம் கீழே படிக்கட்டுக்கு அருகில் அருள் ஜாம் என்ற பெயரில் விற்பனைக்கு இருக்கும். வீட்டு மனிதரை மேலே விட்டுவிட்டு இறங்குகிறவர்கள், அவர் கிண்டப்போகும் ஜாமுக்கு இன்றைக்கே ஒரு பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த வரிசையில் பதினேழாவதாக நின்ற குடும்பத்தில் நான்கு பேர். ஓய்வுபெற்ற மாமனார், அவருக்குப் பக்கத்தில் மாமியார், அவர்கள் மகன், அவன் பெண்டாட்டி. இந்தக் கதை அந்தப் பெண்டாட்டியுடையது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மருந்துக் கடையில் வேலை. எந்தப் பெட்டியை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கல்யாண அழைப்பிதழைக்கூடத் திருப்பி, அச்சிட்டவர் யாரென்று படித்தவள் அவள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது மாடி ஏறுகிற பெட்டியை ஒரு சுவிட்சில் நிறுத்தத் தெரிந்தவன். அவன் அம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்த மட்டும் அவனுக்குச் சுவிட்ச் கிடைத்ததில்லை.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குடியிருப்பிலேயே ஸ்ட்ராபெர்ரிக்கு அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழம் மலிந்தால் போதும், சமையலறை மேடை முழுக்கச் சிவப்பாகிவிடும். சர்க்கரையில் ஊறவைத்து, நுரையை எடுத்து எடுத்து, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழித்துப் பார்ப்பாள். கோடு மூடாமல் நின்றால்தான் அடுப்பை அணைப்பாள். அவள் ஜாமும் சர்பத்தும் தேதி எழுதி அலமாரியில் அணிவகுத்து நிற்கும். ஜெல்லி என்றால் கேட்கவே வேண்டாம், தட்டினால் குலுங்கிவிட்டு மரியாதையாக நிற்கும். ஒரே ஒரு பழக்கம், எந்தப் பொட்டலமும் அவள் சமையலறையில் பொட்டலமாக இருக்கக் கூடாது. வந்த உடனே வெட்டி, டப்பாவில் கொட்டி, உறையைக் குப்பையில் எறிந்துவிடுவாள். அலமாரி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். ஜெலட்டின் தூள் இருபது வருஷமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் குடியிருந்தது.

மருமகள் வந்தபோது கூடவே கிவியும் வந்தது. முடி முளைத்த பழத்தை யாராவது தின்பார்களா என்று மாமியார் முதலில் முகம் சுளித்தாள். பிறகு ஸ்ட்ராபெர்ரியோடு சேர்த்து ஜாம் கிண்டியதும் அவளே இரண்டு ஸ்பூன் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். பச்சை கொஞ்சம் மங்கிப்போனாலும் ருசி பரவாயில்லை என்று தீர்ப்பும் வந்தது. இருவரும் ஒரே மேடையில் நின்று பழம் நறுக்குகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

வினை ஜெல்லியில் வந்தது. மருமகள் அழகாகக் கிவியை நறுக்கிக் கொடுக்க, மாமியார் ஜெல்லியில் போட்டாள். உறையவில்லை. தூளைக் கூட்டினாள். உறையவில்லை. ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டாள். ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் தரமும் ஜெல்லி தண்ணீராகக் கிடந்தது. இதற்கு நடுவில் மாமனாருக்கென்று பாலில் கிவியும் ஸ்ட்ராபெர்ரியும் அடித்து வைக்க, அவர் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்து குடித்தால் ஒரே கசப்பு, திரிதிரியாகவும் இருந்தது. மாமியாருக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருஷமாக நின்ற ஜெல்லி, இந்தப் பெண் வந்தபின் நிற்கவில்லை. கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே நோயைக் கண்டுபிடித்துச் சொன்னாள், மகானிடம் போங்கள் என்று.

பதிவு மேசையில் இருந்த பெண் தேன் மாதிரிப் பேசினாள். வீட்டில் புதிதாக யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், யார் மேல் யாருக்கு வருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினாள். மகானுக்கு ஞானதிருஷ்டி இருந்தது. சீட்டு வந்தபிறகு அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

மூன்று மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜ் திறந்தது. மாமனார் கிண்ணம் உறைந்திருந்தது. மாமியாருடையதும் கணவனுடையதும் உறைந்திருந்தன. மருமகள் கிண்ணத்தைச் சாய்த்தார் மகான். சிவப்புத் தண்ணீர் சளக்கென்று விளிம்புக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் உறுதிக் கிண்ணம் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே விட்டுவிடுங்கள், ஒரு பை துணி போதும் என்று மகான் இரங்கிய குரலில் சொன்னார்.

படி இறங்கும்போதே மருமகள் கணக்குப் போட்டாள். மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் மருந்துக் கடையில் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அதைவிட, அவள் ஆயுசுக்கும் கரைப்பான். பாத்திரம் உடைந்தால் அவள், பால் திரிந்தால் அவள். கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கோபம் பொங்கியது. அழுகையும்தான்.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் ஸ்ட்ராபெர்ரியைத் தொடவில்லை. பிஸ்கட் டப்பாவில் தூளும் தீர்ந்திருந்தது. புதன்கிழமை வேலை முடிகிற நேரத்தில் மருமகள் பக்கத்துக் கடையில் ஒரு ஜெலட்டின் பொட்டலம் வாங்கினாள். எதற்கு வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை வழக்கம்போல் பொட்டலத்தைத் திருப்பியது. பின்பக்கம், செய்முறைக்கும் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி: கிவி, அன்னாசி, பப்பாளி ஆகிய பழங்களை வேகவைக்காமல் சேர்த்தால் உறையாது. வேகவைத்துச் சேர்க்கவும்.

இரண்டாம் தரம் படித்தாள். பிறகு தெருவில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தாள். வழியில் போன ஒருவர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

வீட்டில் அந்த வரியைக் காட்டியபோது மாமியார் கண்ணாடி போட்டுப் படித்தாள். கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான், அவனுக்கென்ன தெரியும் என்றாள். மருமகள் வாதம் பண்ணவில்லை. நான்கு கிண்ணத்தை எடுத்து மேடையில் வைத்தாள். இரண்டை மாமியாரே முழுக்கச் செய்யட்டும், இரண்டைத் தான் செய்வதாகச் சொன்னாள். ஆளுக்கு ஒன்றில் அப்படியே மசித்த கிவி, மற்றதில் கொதிக்கவைத்த கிவி. கரைசல் வெதுவெதுப்பானதும் கலந்தார்கள். மாமியார் கிண்ணங்களை ஃபிரிட்ஜில் வைத்து, முக்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் கை வைத்துவிடக் கூடாதாம். தண்ணீர் பாட்டில் எடுக்க வந்த மாமனாரைக்கூடத் திருப்பி அனுப்பினாள்.

மூன்று மணி நேரத்தில் கொதித்த கிவி போட்ட இரண்டும் உறைந்து நின்றன. மசித்த கிவி போட்ட இரண்டும் தண்ணீர். அதில் ஒன்று மாமியார் கைபட்டது, மருமகள் நிழல்கூடப் படாதது.

மாமியார் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்ப நானும் கரைப்பானா?"

"நீங்களும் இல்ல, நானும் இல்ல அத்தை. கிவிதான். வேகாத கிவியில இருக்கிற ஏதோ ஒண்ணு ஜெலட்டினைத் தின்னுடுது. கொதிக்க வெச்சா அது செத்துப்போகுது. ஜாம் நல்லா வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாலையும் அதுதான் கெடுத்திருக்கும்."

மாமியார் முகம் சிவந்தது. அவள் எத்தனையோ பேரிடம் ஏமாந்திருக்கிறாள், துணிக்கடையில், காய்கறிக் கடையில். அதையெல்லாம் மன்னித்துவிடுவாள். "இருபது வருஷமா ஜெல்லி வைக்கிறவ நான். என்கிட்டயே ஜெல்லியை வெச்சு ஏமாத்திட்டானே" என்றாள். அப்புறம், மருமகளின் துணிப்பையைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தவள், அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "உன்னை அனுப்பப் பார்த்தேனே, நான் ஒரு முட்டாள்" என்றாள். இருவரும் உறைந்த இரண்டு கிண்ணத்தையும் அங்கேயே தின்று தீர்த்தார்கள்.

தின்றுகொண்டே மருமகளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மகான் மற்றவர்களுக்குக் கொடுத்த குப்பிகளில் சாறு மங்கலாக, ஜாமில் வெந்த கிவி மாதிரி இருந்தது. அவளுக்குக் கொடுத்தது மட்டும் பளிச்சென்ற பச்சை.

அடுத்த சனிக்கிழமை அதே துணிப்பையோடு போனார்கள். உள்ளே துணி இல்லை. மேடை போட்டு உறுதிக் கிண்ணங்கள் வைத்தார்கள். மகான் குப்பிகளைத் தட்டில் வரிசையாக வைத்து, தனக்குரியதைத் தன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாமியார் பக்தியோடு நெருங்கினாள். நெருங்கிய வேகத்தில் கைப்பை மேசைமேல் கவிழ்ந்தது. சீப்பு, சில்லறை, மாத்திரை, மூக்குக் கண்ணாடி, எல்லாம் உருண்டன. சிஷ்யர்கள் பொறுக்கினார்கள், மாமியாரும் பொறுக்கினாள். பொறுக்கி முடித்தபோது பளிச்சென்ற பச்சை மகானிடமும், மங்கல் பச்சை மருமகளிடமும் இருந்தன. மகான் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். கண்ணை மூடிக்கொள்வது அவர் தொழிலில் ஒரு அங்கம்.

"உறைக, உறைக" என்று கூட்டம் மூன்று மணி நேரம் முழங்கியது. ஃபிரிட்ஜ் திறந்தது. மருமகள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மகான் கிண்ணத்தைச் சிஷ்யன் சாய்த்தான். அது அவன் செருப்பில் கொட்டியது.

மகான் ஒரு கணம்தான் திகைத்தார். உடனே கண்கள் பனிக்க, இரண்டு கையையும் விரித்தார்.

"இந்தக் குழந்தையோட குறையை நானே வாங்கிக்கிட்டேன்."

அவ்வளவுதான். கூட்டம் விம்மியது. வங்கி மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார். பொய் பிடிபட்ட இடத்திலேயே மகிமை முளைத்துவிட்டது. எப்படி விழுந்தாலும் காலில் நிற்கிற ஆள்தான் மகான்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ரொம்பப் பணிவாக ஒன்று கேட்டாள்.

"ஐயா, நீங்க உக்காந்திருக்கிற சோபாவுக்கும் ஒரு கிண்ணம் வெச்சுப் பாக்கலாமா?"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சோபாவுக்கு எதற்கு என்று மகான் கேட்டார். மனிதர்கள் பற்றி இவ்வளவு சொல்கிற கிண்ணம் சோபாவைப் பற்றி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றாள். துணிப்பையைத் திறந்தாள். கிவியும் ஜெலட்டின் பொட்டலங்களும் மேசையில் விழுந்தன. எந்தக் கிவி என்று பல் டாக்டரம்மாவே பொறுக்கட்டும், பொட்டலத்தை வங்கி மேலாளர் படிக்கட்டும் என்றாள். மேலாளர் முன்பக்கத்தைப் படித்தார். பின்பக்கத்தையும் படிக்கச் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

சிஷ்யர்கள் ஜெல்லி காய்ச்சும் அடுப்பிலேயே வரிசையில் நின்றவர்கள் பாதிக் கிவியைக் கொதிக்கவைத்தார்கள். மீதியை அப்படியே மசித்தார்கள். சோபாவுக்கும் மின்விசிறிக்கும் வேகாத கிவி. அறிவிப்புப் பலகைக்கும் மகானின் படத்துக்கும் வெந்த கிவி. காவலர் ஃபிரிட்ஜ் முன்னால் காலை அகட்டி நின்றார். இன்னும் மூன்று மணி நேரமா என்று யாரோ முனகினார்கள். ஏமாறுவதற்கு வாராவாரம் மூன்று மணி நேரம் காத்திருந்த கூட்டம், தெளிவதற்கு ஒரு தரம் காத்திருந்தால் குறைந்தா போய்விடும்?

ஆறு மணிக்கு முடிவு வந்தது. பலகை உறைந்தது, படம் உறைந்தது. சோபாவும் மின்விசிறியும் குடும்பத்தைக் கரைக்கிறவை என்று தெரியவந்தது.

முதலில் சிரித்தது காவலர். அப்புறம் கூடமே சிரித்தது. மூன்று மாதத் தியானத்துக்கு இந்த சோபாவை எந்த மாமியார் கொண்டுவந்து விட்டாள் என்று ஒருவர் கேட்க, மின்விசிறி கிவிக்குத் தோல் சீவுமா என்று இன்னொருவர் கேட்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டுத் தெளிவு இல்லத்தின் கதவைத் திறந்துகொண்டு பதினொரு பேர் வந்தார்கள். விரலெல்லாம் ஸ்ட்ராபெர்ரிக் கறை. தினமும் கிவிச் சாற்றில் பாதியைக் கொதிக்கவைக்கச் சொல்வார்கள், பாதியை வேண்டாம் என்பார்கள் என்று அவர்களில் ஒரு பெண் சொன்னாள். "ஏன்னு கேட்டா தியானம் கெட்டுடும்னாங்க." வங்கி மேலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலை குனிந்தார். அவள் அவருடைய தங்கை.

அப்போதுதான் சோபா காலியாக இருப்பதைக் கவனித்தார்கள். மகான் கட்டில் இறக்குகிற சரக்கு லிஃப்டில் ஏறிவிட்டார். நாலு பெட்டி அருள் ஜாமும் கூடவே.

கணவன் நடந்து போய்ச் சுவர்ப் பெட்டியைத் திறந்து ஒரு சுவிட்சைத் தட்டினான். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாகச் சரியான நேரத்தில் ஒன்றை நிறுத்தினான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. கம்பிக் கதவு வழியாகக் கீழே இருந்து பார்த்தவர்களுக்கு மகானின் கால் மட்டும் தெரிந்தது, மேலே இருந்தவர்களுக்குத் தலை மட்டும். மருமகள் கணவனைப் பார்த்தாள். அன்றைக்குப் பேசாமல் நின்றது தப்புதான் என்று அவன் அத்தனை பேர் நடுவில் சொன்னான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றாள், முகத்தை மட்டும் கொஞ்சம் சிரிக்கவிட்டாள்.

மாமியார் கம்பிக்கு அருகில் குனிந்து, உங்கள் ஜாம் ரொம்ப நீர்க்க இருக்கிறது, தட்டில் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்று மகானுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காவலர் தன் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, சொந்தப் பெயர் என்ன என்று லிஃப்டைப் பார்த்துக் கேட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிடுமா ஜனம்? அரை மணி நேரத்தில் மருமகளைச் சுற்றி ஒரு சின்ன வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் நின்றது பல் டாக்டரம்மா. கைகட்டி, குரலைத் தாழ்த்தி, "அம்மா, எங்க வீட்டுல என் தம்பி மேல எனக்குச் சந்தேகம். நீங்களே ஒரு கிண்ணம் வெச்சுச் சொல்லிட்டீங்கன்னா நிம்மதியா இருக்கும்" என்றாள்.

மாமியார் நடுவில் புகுந்தாள். மேசையிலிருந்த காலிப் பொட்டலத்தை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி டாக்டரம்மா கையில் வைத்து அழுத்தினாள்.

"முதல்ல இதைப் படிங்கம்மா. உறைய வேண்டியது ஜெல்லி. மூளை இல்ல."